விமானி வேலை நேர்காணல்: உங்களைப் பற்றிய கேள்விகளுக்குத் தயாராவது எப்படி? முழுமையான வழிகாட்டி

என் முதல் ஏர்லைன் நேர்காணலில் எதிரே இரண்டு பேர். ஒருவர் ஹெச்ஆர், இன்னொருவர் தலை நரைத்த கேப்டன். வானிலை, எஞ்சின், பெர்ஃபார்மன்ஸ் என்று மூன்று வாரம் விழுந்து விழுந்து படித்துவிட்டுப் போயிருந்தேன். கேப்டன் அதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. என் லாக்புக்கை (பறந்த ஒவ்வொரு பயணத்தையும் எழுதிவைக்கும் பதிவேடு) வாங்கி, வரிவரியாக விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இதுவரை ஒருநாள் விட்டு ஒருநாள் பறந்திருக்கிறீர்கள். இதற்கப்புறம் 19 நாள் ஒன்றுமே இல்லை. திரும்ப ஆரம்பிக்கும்போது பேனா மைகூட மாறியிருக்கிறது. என்ன ஆயிற்று?"

"ஒன்றுமில்லை சார், வானிலை சரியில்லை" என்றேன். பொய். அந்த இடைவெளிக்கு முந்தைய நாள்தான் நேவிகேஷன் செக்கில், அதாவது வழிகண்டு பறக்கும் தேர்வில், தோற்றிருந்தேன். அதன்பிறகு விமானத்தின் பக்கம் போகவே மனம் வரவில்லை. அவர் தலையாட்டிவிட்டு லாக்புக்கை மூடினார். அடுத்து வந்த கேள்விகள் எல்லாம் மரியாதைக்குக் கேட்டவை. வேலை கிடைக்கவில்லை.

டெக்னிக்கல் கேள்விக்கு விடை தெரியாவிட்டால் "தெரியவில்லை, மேனுவலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்" என்று நேர்மையாகச் சொல்லலாம். சிமுலேட்டரில் ஒரு லேண்டிங் கரடுமுரடாகப் போனாலும் அடுத்ததில் ஈடுகட்டலாம். ஆனால் உங்களைப் பற்றிய கேள்விக்கு நீங்களே தடுமாறினால் ஈடுகட்ட வழியில்லை. அப்படியிருந்தும் பலர் இதற்கு ஒதுக்குவது முந்தைய நாள் இரவில் ஒரு மணி நேரம். கீழே சொல்லியிருப்பதைச் செய்ய மூன்று, நான்கு வாரம் வேண்டும். நாளுக்கு அரைமணி நேரம் போதும்.

எதிரே இருப்பவர் எதைத் தேடுகிறார்?

ஹெச்ஆர் எதைத் தேடுகிறார் என்பதை ஊகிப்பது எளிது. நிலையானவரா, நிறுவனத்தில் தங்குவாரா, பிரச்சினை இல்லாதவரா என்று பார்ப்பார். கேப்டனின் மனக்கணக்கு வேறு. பூட்டிய கதவுக்குப் பின்னால், பின்னிரவில், களைத்துப்போய் நான் ஒரு தவறு செய்யும்போது இந்த ஆள் வாயைத் திறப்பாரா? தானே தவறு செய்தால் என்னிடம் ஒப்புக்கொள்வாரா? அவர் கேட்கும் பத்துக் கேள்விகளில் எட்டு இந்த இரண்டின் வேறு வேறு வேடங்கள்தான்.

இந்தக் கவலைக்குப் பின்னால் வரலாறு இருக்கிறது. 1978 டிசம்பர் 28 அன்று யுனைடெட் 173 என்ற டிசி-8 விமானம் அமெரிக்காவின் போர்ட்லாண்டை நெருங்கும்போது லேண்டிங் கியரில் (தரையிறங்கும் சக்கர அமைப்பில்) கோளாறு. கேப்டன் அதைச் சரிபார்ப்பதிலேயே மூழ்கிப்போனார். விமானம் சுமார் ஒரு மணி நேரம் வட்டமடித்தது. எரிபொருள் குறைவது கூட இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது, பேச்சும் வந்தது. ஆனால் கேப்டனின் கவனத்தைத் திருப்பும் அளவுக்கு யாரும் அழுத்திச் சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்ததில் 10 பேர் இறந்தார்கள். மறுவருடம் நாசா நடத்திய பட்டறையிலிருந்துதான் இன்று நாம் சிஆர்எம் என்று சொல்லும், காக்பிட்டில் குழுவாக வேலை செய்யும் பயிற்சி வளர்ந்தது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான இகாவோ, ஒரு விமானிக்கு வேண்டியவையென எட்டுத் திறன்களை வகுத்திருக்கிறது. அவற்றில் விமானத்தைக் கையால் செலுத்துவதும் ஆட்டோமேஷனால் செலுத்துவதும் இரண்டே இரண்டு. மீதி ஆறு: நடைமுறைகளைப் பின்பற்றுவது, தகவல் பரிமாற்றம், தலைமையும் குழுவேலையும், சிக்கல் தீர்த்து முடிவெடுப்பது, சூழலை உணர்ந்திருப்பது, வேலைச்சுமையைச் சமாளிப்பது. நேர்காணல் மேசையில் இருக்கும் மதிப்பெண் தாளும் பெரும்பாலும் இதே சாயலில்தான் இருக்கும். இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பின்னால் தேவைப்படும்.

முதல் படி: உங்கள் லாக்புக்கை அந்நியரைப் போலப் படியுங்கள்

எதிரிலிருப்பவருக்கு உங்களைத் தெரியாது, காகிதம்தான் தெரியும். அதனால் லாக்புக், விண்ணப்பப் படிவம், சிவி, பயிற்சி ஆவணங்கள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். கூட்டுத்தொகை சரியாக வருகிறதா? படிவத்தில் எழுதிய பிஐசி மணி நேரமும் (பொறுப்பு விமானியாகப் பறந்த நேரம்) லாக்புக்கில் உள்ளதும் ஒன்றா? ஒரு பக்கத்தில் கூட்டல் பிழை இருந்தால் அது கவனக்குறைவு. மூன்று பக்கத்தில் இருந்தால், மணிக்கணக்கை ஊதிக்காட்டுகிறாரோ என்ற சந்தேகம் வரும்.

பிறகு பென்சிலால் குறியுங்கள்: நீண்ட இடைவெளிகள், திரும்பத் திரும்பச் செய்த பாடங்கள், பாதியில் மாறிய பயிற்றுநர், மாறிய பயிற்சிப்பள்ளி, தோற்ற செக், சிவியில் வேலையில்லாத மாதங்கள். ஒவ்வொரு குறிக்கும் இரண்டே வாக்கியத்தில் உண்மையான காரணத்தை எழுதுங்கள். பணம் தீர்ந்துபோய் நாலு மாதம் நின்றது என்றால் அப்படியே எழுதுங்கள். அது அவமானமில்லை, அந்தக் கேப்டனும் ஒருகாலத்தில் அதே நிலையில் இருந்திருக்கலாம்.

தோற்ற செக்கை மறைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: கூடாது. 2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ அருகே விழுந்த கோல்கன் 3407 விமான விபத்தில் 50 பேர் இறந்தார்கள். அதன் கேப்டன் தான் முன்பு தோற்ற செக்ரைடுகள் (பறக்கும் தேர்வுகள்) அனைத்தையும் வேலை விண்ணப்பத்தில் குறிப்பிடவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் விமானிகளின் பயிற்சிப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் தரவுத்தளத்துக்குச் சட்டம் வந்தது. மற்ற நாடுகளிலும் பழைய பள்ளியிடமும் முந்தைய நிறுவனத்திடமும் கேட்டுச் சரிபார்ப்பது சாதாரணம். ஒரு தோல்வியை விளக்கிவிடலாம். மறைத்தது தெரியவந்தால் பேச்சு அதோடு முடிந்தது.

என் கதைக்கு வருகிறேன். இரண்டு வருடம் கழித்து இன்னொரு நிறுவனத்தில் இன்னொரு கேப்டன் அதே பக்கத்தில் நின்றார். "நேவிகேஷன் செக்கில் தோற்றேன் சார். காற்று மாறியதைக் கவனிக்காமல் பழைய ஹெடிங்கிலேயே போய் வழி தவறினேன். 19 நாள் பறக்கவில்லை, மனம் உடைந்திருந்தது. பிறகு பயிற்றுநரிடம் நானே போய்க் கேட்டு, அந்தப் பாதையையே மூன்று முறை பறந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு செக்பாயின்டிலும் நேரத்தையும் விலகலையும் எழுதாமல் அடுத்த லெக்கை ஆரம்பிப்பதில்லை." அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அவ்வளவுதான்.

இரண்டாம் படி: பதில்களை அல்ல, சம்பவங்களைச் சேகரியுங்கள்

இணையத்தில் நூறு கேள்விகள் கொண்ட பட்டியல்கள் கிடைக்கின்றன. நூறுக்கும் பதில் மனப்பாடம் செய்தவரை மூன்றாவது நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். கேள்வியின் ஒரு சொல் மாறினாலும் கண் மேலே போகும், ஞாபகத்தில் தேடும். பதில்கள் உங்களிடம் எத்தனை இருந்தாலும் போதாது. உண்மைச் சம்பவங்கள் பத்துப் பன்னிரண்டு இருந்தால் போதும்.

ஒரு நோட்டில் சம்பவத்துக்கு ஒரு பக்கம். நீங்கள் தவறு செய்த நாள், மற்றவரின் தவறைச் சுட்டிய நாள், மேலிருப்பவரோடு ஒத்துப்போகாத நாள், திட்டம் பாதியில் மாறிய நாள், களைப்பிலோ நோயிலோ பறக்க மறுத்த நாள், விமர்சனம் வலித்த நாள், ஒருவருக்குக் கற்றுக்கொடுத்த நாள், யாருமே பார்க்காதபோதும் விதியைப் பின்பற்றிய நாள். யார் இருந்தார்கள், என்ன பேசினார்கள், வெளிச்சம் எப்படி இருந்தது என்பதுவரை எழுதுங்கள். மேசையில் அதையெல்லாம் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த விவரங்கள் மனதில் இருந்தால்தான் குறுக்குக் கேள்விக்குத் திணறமாட்டீர்கள்.

"எனக்கு 200 மணி நேரம்தான் இருக்கிறது, சம்பவத்துக்கு எங்கே போவேன்?" என்று கேட்பவர்கள் உண்டு. விமானத்தில்தான் நடந்திருக்க வேண்டும் என்று யார் சொன்னது? உணவகத்தில் வேலை பார்த்த காலம், விளையாட்டுக் குழு, கல்லூரிப் புராஜெக்ட் எல்லாம் செல்லும். பாதியாவது பறத்தலைச் சார்ந்திருந்தால் நல்லது.

எழுதி முடித்ததும் சுவரில் ஒட்டிய ஆறு திறன்களைப் பாருங்கள். ஒவ்வொரு சம்பவத்தின் தலைப்பிலும் அது எந்தெந்தத் திறனைக் காட்டுகிறது என்று குறியுங்கள். ஏதாவது ஒரு திறனுக்குச் சம்பவமே இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் தோண்டுங்கள். பெரும்பாலும் காலியாக இருப்பது வேலைச்சுமை.

மூன்றாம் படி: சம்பவத்தைப் பதிலாக்குவது

ஸ்டார் முறை என்று ஒன்று உண்டு: சூழல், பொறுப்பு, செயல், விளைவு. எல்லோருக்கும் தெரியும், ஆனால் அளவு தெரியாமல் கெடுப்பார்கள். சூழலுக்கே ஒரு நிமிடம் போய்விடும், செயலுக்குப் பத்து விநாடி மிஞ்சும். மொத்தம் ஒன்றரை முதல் இரண்டு நிமிடம். அதில் பாதிக்கு மேல் நீங்கள் செய்தது. கடைசியில் நான்கோடு நிறுத்தாமல் ஐந்தாவதாக ஒன்றைச் சேருங்கள்: அதற்குப் பின் என் பழக்கத்தில் என்ன மாறியது?

ஒரு உதாரணத்தை அருகில் வைத்துப் பார்க்கலாம். ஒத்திகைக்கு வந்த ஒருவர் "நீங்கள் செய்த தவறு?" என்றதற்குச் சொன்னது இது:

"ஒருமுறை எரிபொருளைச் சரியாகப் பார்க்காமல் கிளம்பிவிட்டேன். ஆனால் பத்திரமாகத் தரையிறங்கினேன். அதிலிருந்து எப்போதும் கவனமாக இருக்கிறேன்."

பொய்யில்லை. ஆனால் இதில் ஆளே இல்லை. "கவனமாக இருக்கிறேன்" என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். உட்காரவைத்துக் கேள்விமேல் கேள்வி கேட்டபின் வந்தது இது:

"சோலோ கிராஸ் கன்ட்ரி, தனியாக ஊர்விட்டு ஊர் பறக்கும் பயணம். எரிபொருள் கேஜ் முக்கால் டேங்க் காட்டியது, டேங்கில் விட்டுப் பார்க்கும் டிப்ஸ்டிக் அதைவிடக் குறைவாகக் காட்டியது. ஏற்கெனவே 20 நிமிடம் தாமதம். விமானம் சரிவான இடத்தில் நிற்பதால் டிப்ஸ்டிக் தப்பாகக் காட்டுகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் கிளம்ப வேண்டும் என்ற அவசரம்தான். பறந்து 40 நிமிடத்தில் கணக்குப் போட்டபோது, போய்ச் சேரும்போது அவசரத்துக்கான ரிசர்வ் எரிபொருள் மிஞ்சாது என்று தெரிந்தது. ஏடிசிக்கு (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கு) சொல்லிவிட்டு, பாதையை மாற்றி அருகிலிருந்த தளத்துக்கு டைவர்ட் செய்தேன். இறங்கியதும் பயிற்றுநருக்கு நானே போன் செய்து நடந்ததைச் சொன்னேன், ரிப்போர்ட்டும் எழுதினேன். இப்போது இரண்டு அளவும் ஒத்துப்போகவில்லையென்றால் குறைவானதைத்தான் நம்புவேன். தாமதமாகிவிட்டது என்று தோன்றும் நாளில் வேண்டுமென்றே மெதுவாகச் செக்லிஸ்ட் படிப்பேன்."

இதில் கேப்டனின் காது நிமிரும் இடம் டைவர்ஷன் இல்லை. "எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்" என்ற வரி. தன் மூளை தன்னை எப்படி ஏமாற்றியது என்று தெரிந்தவர் அடுத்தமுறை அதைப் பிடிப்பார்.

இன்னொன்று: குழுவாகச் செய்ததை "நாங்கள்" என்றே சொல்லுங்கள், ஆனால் முடிவு எடுத்த இடத்தில் "நான்" வர வேண்டும். எல்லாமே "நாங்கள்" என்றால் நீங்கள் அங்கே என்ன செய்தீர்கள் என்ற கேள்வி வரும். எல்லாமே "நான்" என்றால் காக்பிட்டில் உங்களோடு யார் உட்காருவது என்ற கேள்வி வரும்.

நான்காம் படி: அடிக்கடி வரும் கேள்விகள்

*உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.* சிவியை ஒப்பிக்காதீர்கள், அது அவர் கையிலேயே இருக்கிறது. பறத்தல் எங்கே தொடங்கியது, எப்படி வளர்ந்தது, இப்போது எங்கே நிற்கிறீர்கள், ஏன் இந்த நாற்காலியில் இருக்கிறீர்கள்: ஒன்றரை நிமிடம். நீங்கள் தொட்டுவிட்டுப் போகும் விஷயம்தான் அடுத்த கேள்வியாக வரும். ஆகவே எதைக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறீர்களோ அதை இங்கே ஒரு வாக்கியத்தில் தொட்டுவிடுங்கள்.

*ஏன் எங்கள் நிறுவனம்?* "சின்ன வயதில் உங்கள் விமானத்தை அண்ணாந்து பார்த்தேன்" என்பதை அந்தக் கேப்டன் அன்று காலையிலேயே இரண்டு முறை கேட்டிருப்பார். என்ன விமானங்கள் வைத்திருக்கிறார்கள், எத்தனை, எந்த பேஸிலிருந்து (விமானிகள் தங்கிப் பணிபுரியும் தளம்) ஓட்டுகிறார்கள், உங்களை எந்தத் தளத்தில் போடக்கூடும், கேப்டனாக உயர்த்தும் முறை என்ன, பயிற்சிக்குப் பாண்டு (இத்தனை காலம் வேலை செய்வேன் என்ற ஒப்பந்தம்) உண்டா என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அங்கே வேலை செய்யும் ஒருவரிடமாவது பேசிவிட்டுப் போங்கள். இதற்குத் துணைக்கேள்வியாக "பெரிய நிறுவனம் கூப்பிட்டால் போய்விடுவீர்களா?" என்று வரும். சாகும்வரை இங்கேயே என்று சத்தியம் செய்ய வேண்டாம், யாரும் நம்பமாட்டார்கள். கையெழுத்திட்ட காலத்துக்குக் கட்டாயம் இருப்பேன், இங்கேயே கமாண்டு எடுப்பதுதான், அதாவது கேப்டனாவதுதான், என் இலக்கு என்று சொல்வது போதும், அது உண்மையாக இருந்தால்.

*கேப்டனோடு கருத்து வேறுபட்டால்?* இதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். சிலர் "கேப்டன் சொல்வதே முடிவு" என்பார்கள். சிலர் "உடனே கன்ட்ரோலை வாங்கிவிடுவேன்" என்பார்கள். இரண்டும் பயமுறுத்தும். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரிஃப் தீவில் இரண்டு ஜம்போ ஜெட்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். ஓடுபாதையில் வேகமெடுத்த விமானத்தின் ஃப்ளைட் எஞ்சினியர், அந்த இன்னொரு விமானம் இன்னும் வெளியேறவில்லையா என்று கேட்டார். கேப்டன் வெளியேறிவிட்டது என்றார். கேள்வி அதோடு நின்றது. ஆகவே கேட்பது மட்டும் போதாது. படிப்படியாக அழுத்தம் ஏற வேண்டும்.

சொல்லிக்காட்டுவதென்றால் இப்படி: தரையிறங்கும் அப்ரோச்சில் 1,000 அடிக்கு வந்துவிட்டீர்கள், வேகம் அடங்கவில்லை. இறங்காமல் மேலேறிச் சுற்றிவருவதுதான் கோ-அரவுண்டு. "கேப்டன், ஸ்பீட் 20 நாட் கூடுதல்." பதில் இல்லை. "கேப்டன், நாம் ஸ்டேபிளாக இல்லை, கோ-அரவுண்டு போகலாம்." "பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். "அன்ஸ்டேபிள், கோ-அரவுண்டு!" அதற்கும் அசையவில்லை என்றால் நிறுவனத்தின் எஸ்ஓபி (எழுதிவைத்த நடைமுறை) சொல்கிறபடி கன்ட்ரோலை எடுப்பது. முதலில் தகவல், பிறகு ஆலோசனை, பிறகு கட்டளை, கடைசியில் செயல். இறங்கியபின் தனியாகப் பேசுவேன் என்பதையும் சேருங்கள். பாதுகாப்பு சம்பந்தமில்லாத வேறுபாடு என்றால், உதாரணமாக அவர் ஆட்டோபைலட்டை நீங்கள் நினைத்ததைவிட முன்பே போடுகிறார் என்றால், அது அவர் விருப்பம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தவர் என்று காட்டுவதே பதிலின் உயிர்.

*கிளம்பும் முன் கேப்டனிடம் மது வாடை வந்தால்?* பழைய கேள்வி, இன்றும் கேட்கிறார்கள். குற்றம் சாட்டாதீர்கள், சில உடல்நலக் கோளாறுகளிலும் மூச்சில் வேறு மாதிரி வாடை வரும். பயணிகளும் மற்ற ஊழியர்களும் இல்லாத இடத்தில் நேராகக் கேட்பேன், உடல்நிலை சரியில்லை என்று விலகிக்கொள்ளச் சொல்வேன், மறுத்தால் டியூட்டி மேனேஜரை அழைப்பேன், அதுவரை விமானம் நகராது. "நல்ல மனிதர், ஒருமுறைதானே" என்ற துணைக்கேள்வி நிச்சயம் வரும். அங்கே வழுக்கக்கூடாது.

*உங்கள் பலவீனம்?* "நான் ரொம்பப் பெர்ஃபெக்ஷனிஸ்ட்" என்ற பதிலை இனியாவது ஓய்வெடுக்க விடுவோம். உண்மையான, ஆனால் திருத்திக்கொண்டிருக்கிற ஒன்றைச் சொல்லுங்கள்: பதற்றத்தில் வேகமாகப் பேசுவேன், அதனால் ஏடிசி என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னது உண்டு, இப்போது மைக்கை அழுத்தியபின் ஒரு மூச்சு விட்டுப் பேசுகிறேன். இவ்வளவு சிறியதே போதும். விதிகளை மறப்பேன், காலையில் எழுவது கஷ்டம் என்பவற்றைச் சொல்வது நேர்மை என்று நினைக்க வேண்டாம்.

*எந்த விமானியை மதிக்கிறீர்கள்?* 2009இல் ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 பேரையும் காப்பாற்றிய சல்லன்பெர்கரைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். தவறில்லை, ஏன் என்று சொல்லத் தெரிந்தால். எஞ்சின்கள் செயலிழந்து, கைவசம் இரண்டு நிமிடம்கூட மிஞ்சாத நிலையில் அவர் பக்கத்தில் இருந்த துணை விமானி ஸ்கைல்ஸிடம் "ஏதாவது யோசனை இருக்கிறதா?" என்று கேட்டது காக்பிட் ஒலிப்பதிவில் இருக்கிறது. 1989இல் ஹைட்ராலிக்ஸ் முழுவதும் போன டிசி-10 விமானத்தை அமெரிக்காவின் சூ சிட்டிக்குக் கொண்டுவந்த ஆல் ஹெய்ன்ஸும் அப்படித்தான். பயணியாக வந்திருந்த ஒரு பயிற்சிக் கேப்டனை காக்பிட்டுக்குள் அழைத்து த்ராட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி) ஒப்படைத்தார். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். உதவி கேட்கத் தெரிந்ததற்காக மதிக்கிறேன் என்று சொன்னால், அது உங்களைப் பற்றிய பதிலாகவும் ஆகிவிடும்.

*மன அழுத்தத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?* 2015 மார்ச் 24 அன்று துணை விமானியே வேண்டுமென்றே விமானத்தை மலையில் மோதிய ஜெர்மன்விங்ஸ் சம்பவத்தில் 150 பேர் இறந்தபின் இந்தக் கேள்வியின் கனம் கூடிவிட்டது. ஐரோப்பாவில் ஏர்லைனில் பறக்கத் தொடங்கும் முன் உளவியல் மதிப்பீடு கட்டாயமானது அதன் தொடர்ச்சிதான். "எனக்கு அழுத்தமே வராது" என்பது மோசமான பதில். தன்னைக் கவனிக்காதவர் என்று பொருள். ஓடுகிறேன், நீந்துகிறேன் என்பதோடு நிறுத்தாமல், வரம்பு மீறும்போது எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள் என்று சொல்லுங்கள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த ஐஎம்சேஃப் பட்டியலை (நோய், மருந்து, அழுத்தம், மது, களைப்பு, உணர்ச்சி) நிஜமாகவே பயன்படுத்திப் பறக்காமல் இருந்த ஒரு நாள் இருந்தால், அதுதான் இங்கே உங்கள் சம்பவம். மருத்துவ விவரங்களை இந்த மேசையில் கொட்ட வேண்டியதில்லை. அவற்றை விமான மருத்துவரிடம் முழுமையாகச் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவே.

*கல்யாணம், குழந்தை, குடும்பம்.* பல நாடுகளில் இதைக் கேட்கவே கூடாது. ஆனாலும் கேட்பவர்கள் இருக்கிறார்கள், பெண்களிடம் கூடுதலாக. எனக்கு இதில் கோபம் உண்டு. ஆனால் அந்த அறையில் சண்டை பிடித்து வென்றவர்களைப் பார்த்ததில்லை. கேள்விக்கு அடியில் இருக்கும் கவலைக்குப் பதில் சொல்லிவிட்டு நகரலாம்: "ரோஸ்டர் (பணி அட்டவணை) எப்படி இருக்கும், பேஸ் மாற வேண்டிவரும் என்பதெல்லாம் தெரிந்தே விண்ணப்பித்தேன், அதற்கான ஏற்பாடு இருக்கிறது." அதற்கு மேல் தோண்டினால், சொல்ல விரும்பவில்லை என்று பணிவாகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அந்த நிறுவனத்தைப் பற்றி நீங்களும் ஒரு குறிப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள் என்ற கேள்விக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். நல்ல ஃபர்ஸ்ட் ஆபீசராக இருப்பேன், கமாண்டுக்குத் தயாராவேன், முடிந்தால் பயிற்றுவிப்பேன்.

ஐந்தாம் படி: ஒத்திகை

நேர்காணல் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். பதில்களை ஆங்கிலத்தில் வரிவரியாக எழுதி உருப்போட்டால், ஒரு வரி மறந்ததும் முழுவதும் சரியும். சம்பவத்தைத் தமிழில் வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு குறிப்புச் சொற்கள் மட்டும் தாளில். பேசும்போது ஆங்கிலத்தில் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுங்கள். சர்வதேசப் பறத்தலுக்கு இகாவோ கேட்பது குறைந்தது நான்காம் நிலை ஆங்கிலம். மேடைப்பேச்சு அல்ல, சிக்கலான நிலையையும் தெளிவாகப் புரியவைப்பதுதான் அதன் அடிப்படை. சின்ன வாக்கியங்கள் போதும்.

கேள்விகளைச் சீட்டில் எழுதி, குலுக்கி எடுத்துப் பதில் சொல்லுங்கள். போனில் பதிவு செய்யுங்கள். முதல் பதிவைக் கேட்கக் கூசும், எல்லோருக்கும் கூசும். எத்தனை "ஆக்சுவலி" வருகிறது என்று எண்ணுங்கள், நேரத்தைக் குறியுங்கள். மூன்றாவது வாரத்தில் நண்பர் ஒருவரை உட்காரவையுங்கள், அவருக்கு ஒரே ஒரு வேலை: ஒவ்வொரு பதிலுக்கும் பின் "ஏன்?" என்று இரண்டு முறை கேட்பது. விமானம் பற்றி ஒன்றும் தெரியாத ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. அவருக்குப் புரிந்தால் ஹெச்ஆருக்கும் புரியும்.

ஆறாம் படி: அந்த நாள்

லைசென்ஸ், மெடிக்கல், லாக்புக், நகல்கள் எல்லாம் அவர்கள் கேட்ட வரிசையிலேயே ஃபைலில் இருக்கட்டும். லாக்புக்கில் பென்சில் குறிகளை அழித்துவிட்டீர்களா என்று பாருங்கள். ஒருவர் அழிக்காமல் கொண்டுபோய், "இங்கே கேட்பார்கள்" என்று தானே எழுதியதைக் கேப்டன் சத்தமாக வாசிக்கக் கேட்டார். நல்லவேளை, எல்லோரும் சிரித்தார்கள்.

வரவேற்பறையிலேயே மதிப்பீடு தொடங்கிவிடுகிறது. குழுப்பயிற்சி இருந்தால், அதிகம் பேசுபவரைவிட, பேசாமல் இருப்பவரை உள்ளே இழுப்பவரைக் கவனிப்பார்கள். கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேளுங்கள். வானொலியில் கேட்கத் தயங்காதவர் இங்கே ஏன் தயங்க வேண்டும்? "ஒரு விநாடி யோசிக்கலாமா?" என்று கேட்டுவிட்டு நிஜமாகவே யோசிக்கலாம்.

ஒரு பொறியைச் சொல்லியாக வேண்டும். பதிலை முடித்துவிட்டீர்கள். எதிரே மௌனம். ஐந்து விநாடி, எட்டு விநாடி. அவர்கள் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் வாயைத் திறந்து, நன்றாகச் சொன்ன பதிலைத் தானே குழப்பிக்கொண்டவர்கள் ஏராளம். முடிந்தது என்றால் முடிந்தது, கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருங்கள்.

"எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பதற்கு இரண்டு கேள்விகள் வைத்திருங்கள். சம்பளமும் விடுமுறையும் அழைப்பு வந்தபின். லைன் டிரெயினிங் (பயணிகளோடு பறக்கும்போதே தரும் பயிற்சி) எப்படி நடக்கும், புதிதாகச் சேர்ந்த ஃபர்ஸ்ட் ஆபீசர்கள் முதல் வருடத்தில் எதில் அதிகம் தடுமாறுகிறார்கள் என்று கேட்கலாம். இரண்டாவது கேள்விக்குக் கேப்டன்கள் ஆர்வமாகப் பதில் சொல்வதைக் கண்டிருக்கிறேன். அந்தப் பதில் உங்களுக்கும் பயன்படும்.

வெளியே வந்ததும் போனை எடுத்து வீட்டுக்குச் சொல்லும் முன், அருகில் எங்காவது உட்கார்ந்து கேட்ட கேள்விகளை எல்லாம் வரிசையாக எழுதிவிடுங்கள். தடுமாறிய இடத்தில் ஒரு புள்ளி. வேலை கிடைக்காவிட்டால் பல நிறுவனங்கள் சில மாதம் கழித்துத் திரும்ப விண்ணப்பிக்க விடுகின்றன, அப்போது "கடந்தமுறைக்குப் பின் என்ன செய்தீர்கள்?" என்றுதான் தொடங்குவார்கள். அதற்கான பதில் அந்தப் புள்ளிகளில் இருக்கிறது. அன்று மாலைக்குள் பாதி மறந்துவிடும், அதனால் அங்கேயே எழுதுங்கள்.